ஓஎம்ஆர் பக்கம் ஒரு லேடீஸ் பார்லர், புதன்கிழமை காலி சேர், இமெயில்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னை ஓஎம்ஆர்ல, அதாவது பழைய மகாபலிபுரம் ரோட்டுல, சோழிங்கநல்லூர் சிக்னல்ல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல முதல் மாடியில இருக்கற பார்லர் இது. ஓனர் ஒரு அக்கா, முதல்ல வேற ஒருத்தங்க கடையில பியூட்டிஷியனா இருந்து அப்புறம் சொந்தமா ஆரம்பிச்சவங்க. ஐப்ரோ த்ரெட்டிங், வேக்ஸிங், ஃபேஷியல், ஹேர் கலர், முடியை வழவழப்பாக்கற கெரட்டின், ப்ரைடல் மேக்கப், சாரி ட்ரேப்பிங் வரைக்கும் எல்லாம் உண்டு. அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன், ஆனா கஸ்டமர்ங்க விஷயமும் இதுல வர்றதால கடை பேரோ யார் பேரோ வைக்கல, அடையாளம் தெரியற மாதிரி இருந்த சில விவரத்தையும் விட்டுட்டேன். நான் அவங்களுக்கு சிஸ்டம், மெயில் வேலை பார்த்துக் குடுக்கற ஆள்.

கஸ்டமர்ல பாதிக்கு மேல ஐடி கம்பெனி பொண்ணுங்க, மீதி சுத்தி இருக்கற அப்பார்ட்மென்ட்ல இருக்கறவங்க. கொரோனாவுக்கு அப்புறம் ஆஃபீஸ் வாரத்துல சில நாள், வீட்ல சில நாள்னு ஆனதுல கூட்டம் வர்ற கிழமையே மாறிப்போச்சு. இன்னொரு பக்கம் பெரிய செயின் சலூனுங்க வரிசையா வந்துச்சு, வீட்டுக்கே வந்து வேக்ஸிங் பண்ற ஆப் வந்துச்சு, அக்காவோட கடை நல்லா ஓடற மாதிரி வெளியில தெரிஞ்சாலும் மாசக் கடைசியில வாடகை, சம்பளம் போக கையில நிக்கறது குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அதை சரிபண்ண கஸ்டமருக்கு இமெயில் அனுப்பற வழியை எடுத்தோம், அந்தக் கதைதான் இது.

ஏன் இமெயில்

நம்ம ஊர்ல பார்லருக்கு இமெயிலான்னு எல்லாரும் கேப்பாங்க, நியாயமான கேள்விதான், வாட்ஸ்அப்தான் எல்லாரும் பாக்கறது. ஆனா வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்ல ப்ராட்காஸ்ட் போட்டா ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான், அதுலயும் உங்க நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் மெசேஜ் போய்ச் சேரும், பார்லர் நம்பரை எத்தனை பேர் சேவ் பண்றாங்க சொல்லுங்க. அதைத் தாண்டிப் போகணும்னா ஏபிஐ வழி, அதாவது வேற சாஃப்ட்வேரை வாட்ஸ்அப்போட இணைச்சு அனுப்பறது, அதுக்கு மெசேஜுக்கு மெசேஜ் காசு. எஸ்எம்எஸ்னா தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் கொண்டுவந்த டிஎல்டி ரிஜிஸ்ட்ரேஷன் (எஸ்எம்எஸ் அனுப்பற கடை பதிவு பண்ணிக்கறது), அனுப்பறவங்க பேரான ஹெடர், மெசேஜ் வாசகமான டெம்ப்ளேட் அப்ரூவல்னு ஒரு சின்னக் கடைக்கு அது பெரிய தலைவலி. இன்ஸ்டாகிராம்ல கடைக்கு நல்லாவே ஃபாலோயர்ஸ் இருந்தாங்க, ஆனா லைக் போடறவங்க மதுரையிலயும் மலேசியாவுலயும் இருந்தா கடைக்கு என்ன பிரயோஜனம்.

இந்தக் கடைக்கு மட்டும் ஒரு வசதி இருந்துச்சு, இங்க வர்ற பொண்ணுங்க நாள் முழுக்க மெயில் முன்னாடி உக்காந்திருக்கறவங்க. இதே யோசனையை ஒரு டவுன்ல, வீட்டம்மாக்கள் மட்டும் வர்ற பார்லருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ரெஜிஸ்டர்ல பார்த்தது

2023 கடைசியில பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்த கணக்கையும் ரிசெப்ஷன்ல இருந்த அப்பாயின்ட்மென்ட் நோட்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தோம். தெரிஞ்சதுல முக்கியமா மூணு விஷயம்.

சனி ஞாயிறு கடை நிரம்பி வழியுது, வந்தவங்கள்ல சிலர் காத்திருந்து திரும்பிப் போறாங்க, ஆனா செவ்வாய்ல இருந்து வியாழன் வரைக்கும் மத்தியானம் ஸ்டாஃப் எல்லாம் போன் பார்த்துட்டு உக்காந்திருக்காங்க. ரெண்டாவது, ஹேர் கலர் மாதிரி பெரிய வேலைக்கு வந்தவங்கள்ல நிறைய பேர் ஒரு தடவையோட நின்னுட்டாங்க, கோவமெல்லாம் இல்ல, ரூட், அதாவது முடியோட வேர்ப்பக்கம், வெள்ளையா தெரிய ஆரம்பிக்கறப்போ பக்கத்துல எது இருக்கோ அங்க போயிடறாங்க. மூணாவது எங்களுக்கே ஆச்சரியமா இருந்துச்சு, ரெகுலரா வர்றவங்க கடையைத் தேடி வரல, ஒரு குறிப்பிட்ட பொண்ணோட கையைத் தேடி வர்றாங்க. "அந்த மணிப்பூர் பொண்ணு இருக்காங்களா"ன்னு கேட்டு, இல்லன்னா த்ரெட்டிங் பண்ணிக்காமயே போறவங்க உண்டு. ஐப்ரோ விஷயம் அப்படித்தான், ஒருத்தர் ஷேப்பைக் கெடுத்துட்டா அது வளர்ற வரைக்கும் கண்ணாடியில அதேதான் முகத்துல அறையும்.

2023 டிசம்பர், மார்கழி ஆஃபர்

இதையெல்லாம் முழுசா உக்காந்து யோசிக்கறதுக்கு முன்னாடியே மார்கழி வந்துருச்சு. மார்கழியில முகூர்த்தம் கிடையாது, ப்ரைடல் வருமானம் சுத்தமா நின்னுரும். அக்கா பயந்துட்டாங்க, சாஃப்ட்வேர்ல இருந்த மெயில் ஐடி அத்தனையும், சுமார் ரெண்டாயிரம் இருக்கும், எடுத்து கடையோட ஜிமெயில்ல இருந்து பிசிசி போட்டு (ஒருத்தர் ஐடி இன்னொருத்தருக்குத் தெரியாத மாதிரி) "எல்லா சர்வீஸுக்கும் 40 சதவீதம் தள்ளுபடி"ன்னு ரிசெப்ஷன் பொண்ணை வச்சு அனுப்ப ஆரம்பிச்சாங்க.

சாதாரண ஜிமெயில்ல ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல அனுப்ப முடியாது, அந்த லிமிட் தொட்டதும் அக்கவுன்ட்ட கொஞ்ச நேரம் லாக் பண்ணிரும், அதனால பில் அனுப்பறது, சப்ளையருக்கு ஆர்டர் போடறது எல்லாம் சேர்ந்து நின்னுச்சு. அடுத்தடுத்த நாள்ல மீதி அனுப்பினா டெலிவரி ஆகாம கும்பலா திரும்பி வந்துச்சு. என்னன்னு பார்த்தா கவுண்டர்ல அவசரத்துல அடிச்ச தப்பு ஸ்பெல்லிங் ஒரு பக்கம், அதைவிட அதிகமா ஆஃபீஸ் மெயில் ஐடிங்க. ஐடி வேலையில இருக்கறவங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறுவாங்க, மாறின நாளே பழைய மெயில் ஐடி செத்துப்போயிடும். நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒரே ஒரு தடவை வந்தவங்க "என் ஐடி உங்களுக்கு எப்படி கிடைச்சது"ன்னு கேட்டு எழுதினாங்க, அதுல தப்பே இல்ல.

ஆஃபர் வேலை செஞ்சுச்சா? செஞ்சுச்சு, அதுதான் பிரச்சனை. எந்தக் கிழமைன்னு போடல, அதனால வந்தவங்க எல்லாரும் சனிக்கிழமை வந்தாங்க. ஸ்டாஃப் மத்தியானச் சாப்பாடு சாப்பிடல, ரெகுலர் கஸ்டமர்ங்க வரிசையில நின்னாங்க, ரெண்டு மாசம் முன்னாடி முழுக் காசு குடுத்து ஃபேஷியல் பேக்கேஜ் வாங்கின ஒருத்தங்க நேரா கவுண்டர்ல வந்து "அப்போ நாங்க முட்டாளா அக்கா"ன்னு கேட்டுட்டாங்க. ஆஃபருக்குப் புதுசா வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க அப்புறம் நோட்டுல திரும்ப வரவே இல்ல.

நிறுத்திட்டு எடுத்த முடிவுகள்

2024 ஜனவரியில பொங்கலுக்கு அப்புறம் உக்காந்து பேசினோம். அப்போ அக்கா சொன்ன ஒரு வாக்கியம்தான் மொத்த திட்டத்துக்கும் அடிப்படை: "எனக்கு ஆள் வேணாம் தம்பி, புதன்கிழமைக்கு ஆள் வேணும்." பார்லர்ல விக்கறது க்ரீம் இல்ல, ஒருத்தரோட ஒரு மணி நேரம். அந்த மணி நேரம் காலியாப் போனா அதை நாளைக்கு எடுத்து விக்க முடியாது. சனிக்கிழமை இருக்கற மணி எல்லாம் வித்தாச்சு, அங்க இன்னும் பத்து பேரைக் கொண்டுவந்தா நஷ்டம்தான். அதனால மெயிலோட வேலை கூட்டம் சேக்கறது இல்ல, இருக்கறவங்களை சரியான நாளுக்கு, சரியான இடைவெளியில திரும்ப வரவைக்கறதுன்னு முடிவாச்சு.

பழைய லிஸ்ட்ட மொத்தமா விட்டுட்டோம். அக்காவுக்கு இதுல மனசே இல்ல, வருஷக்கணக்கா சேத்ததாச்சேன்னு. ஆனா கேக்காம அனுப்பற மெயிலை நாலு பேர் ஸ்பாம்னு அமுக்கினா, ஆசையா எதிர்பாக்கறவங்களுக்குப் போற மெயிலும் சேந்து ஸ்பாமுக்குள்ள விழும். கூகுள் அந்த நேரம்தான், 2024 பிப்ரவரியில, விதியை இறுக்கிச்சு, ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1க்குக் கீழ வச்சுக்கறது நல்லதுன்னு. பெரிய அளவுல அனுப்பறவங்களுக்குத்தான் எல்லா விதியும், ஆனா ஸ்பாம் அளவு சின்னக் கடைக்கும் பொருந்தும். நூறு பேருக்கு அனுப்பி ஒருத்தர் அமுக்கினாலே ஒரு சதவீதம் ஆச்சு, கணக்கு போட்டுப் பாருங்க.

அடுத்தது கடை பேர்ல ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்கி, அதுல இருந்துதான் மெயில் போகணும்னு வச்சோம். மெயில் அனுப்பற சர்வீஸ் வழியா ஜிமெயில் ஐடியைப் போட்டு அனுப்பினா ஜிமெயிலே அதைப் போலின்னு சந்தேகப்படும். டொமைன்ல எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு மூணு செட்டிங் போட்டோம், இந்த மெயில் உண்மையிலயே இந்தக் கடையில இருந்துதான் வருதுன்னு எதிர்ப்பக்கம் சரிபாக்கறதுக்கான ஏற்பாடு அது. ஒரு சாயங்காலத்துல முடியற வேலை, ஆனா இதை விட்டுட்டு அழகா டிசைன் பண்ணி என்ன, யார் கண்ணுலயும் படாது.

மெயில்ல சதவீதத் தள்ளுபடி போடறதில்லன்னும் முடிவு பண்ணினோம். அதுக்குப் பதிலா என்ன குடுக்கறதுன்னு நிறைய நேரம் பேசினோம், கடைசியில பதில் ரெஜிஸ்டர்லயே இருந்துச்சு: செவ்வாய்ல இருந்து வியாழன் வரைக்கும் வந்தா, நீங்க கேக்கற பியூட்டிஷியனே உங்களுக்குப் பண்ணுவாங்க, டைம் உறுதி, காத்திருக்க வேண்டாம். சனிக்கிழமை அந்த உறுதி குடுக்க முடியாது. கடைக்கு இதுல ஒரு ரூபா செலவு கிடையாது, கஸ்டமருக்கோ அதுதான் பெரிசு.

எத்தனை பேர் திறந்து பார்த்தாங்கங்கற கணக்கையும் நம்ப வேண்டாம்னு வச்சோம், 2021ல ஆப்பிள் மெயில்ல ப்ரைவசி வசதி வந்ததுல இருந்து மனுஷங்க திறக்காமயே திறந்த மாதிரி காட்டும். போன்லயோ நேர்லயோ புக் பண்றப்போ "மெயில் பார்த்துட்டா கூப்பிடறீங்க"ன்னு ரிசெப்ஷன் பொண்ணு கேட்டு நோட்டுல ஒரு டிக் போடணும், அதுதான் எங்க அளவுகோல்.

கவுண்டர்ல கேட்டு வாங்கினது

சம்மதம் வாங்கறது எப்படிங்கறதுல ரொம்ப யோசிச்சோம், ஏன்னா பில் போடற நேரத்துல கஸ்டமர் அவசரத்துல இருப்பாங்க, அப்போ மெயில் ஐடி குடுங்கன்னா முகம் சுளிப்பாங்க. அதனால கலர், கெரட்டின் மாதிரி வேலை நடந்துட்டு இருக்கறப்போ, சேர்ல சும்மா உக்காந்திருக்கற நேரத்துல ஒரு சின்ன கார்டு குடுத்தோம். அதுல ரெண்டு தனித்தனி டிக். ஒண்ணு பில் மட்டும் மெயில்ல வந்தா போதும், இன்னொண்ணு அடுத்து எப்போ வரணும்னு ஞாபகப்படுத்துங்க. எந்த மொழியில வேணும், சொந்த ஐடியா ஆஃபீஸ் ஐடியான்னும் கேட்டோம். ஆந்திரா, கேரளாப் பொண்ணுங்க நிறைய வர்ற ஏரியா, அவங்களுக்கு இங்கிலீஷ், மத்தவங்கள்ல கணிசமானவங்க தமிழ்னு டிக் பண்ணினாங்க, நாங்க அவ்ளோ எதிர்பார்க்கல.

2023ல நிறைவேறின டிஜிட்டல் பர்சனல் டேட்டா சட்டமும் இதையேதான் சொல்லுது, எதுக்காகக் கேக்கறோம்னு தெளிவா சொல்லி வாங்கணும், குடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுக்கறதும் குடுக்கற அளவுக்கு சுலபமா இருக்கணும். விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க, ஆனா அதுக்குக் காத்திருக்காம முன்னாடியே பழகினது நல்லதாப் போச்சு. லிஸ்ட் மெதுவாத்தான் ஏறுச்சு. முதல் மூணு மாசத்துல நூத்தம்பதைக்கூடத் தாண்டல, அக்கா பல தடவை பழைய லிஸ்ட்ட எட்டிப் பார்த்தாங்க, ஆனா அனுப்பல.

ஞாபகப்படுத்தற மெயில்

2024 சித்திரையில இருந்து இது ஆரம்பிச்சுது. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல வளரும், அதனால கலர் பண்ணினவங்களுக்கு நாலாவது வாரத்துல ரூட் தெரிய ஆரம்பிக்கும், அந்த வாரம் ஒரு மெயில். த்ரெட்டிங்குக்கு மூணாவது வாரம், ஃபேஷியலுக்கு நாலு வாரம், கெரட்டினுக்கு மூணு மாசம் தாண்டினதும். மெயில்ல நாலஞ்சு வரிதான்: போன தடவை யார் பண்ணினாங்க, என்ன ஷேடு போட்டோம், இந்த வாரம் அவங்க எந்தெந்த நேரம் ஃப்ரீ. பெரிய படம், கலர் பேனர் எதுவும் இல்ல. ரிப்ளை பண்ணினா ரிசெப்ஷன்ல ஒருத்தர் உண்மையா படிச்சு பதில் போடுவாங்க, பதில் போட முடியாத ஐடியில இருந்து அனுப்பறது இந்தத் தொழிலுக்கு சுத்தமா ஒத்து வராதுன்னு நான் நினைக்கறேன்.

ஷேடு நம்பரை எழுதினது பெருசா உதவுச்சு. வேற கடைக்குப் போனா என்ன ஷேடுன்னு அவங்களுக்குத் தெரியாது, இங்க எல்லாம் எழுதி வச்சிருக்காங்கங்கற நம்பிக்கை.

கிழமை விஷயத்துல அனுபவப்பட்டுத்தான் ஒண்ணு பிடிபட்டுச்சு. செவ்வாயும் வெள்ளியும் நம்ம வீடுகள்ல முடி வெட்ட மாட்டாங்க, நகம் வெட்ட மாட்டாங்க, ஐடி வேலையில இருந்தாலும் அம்மா பக்கத்துல இருந்தா அதே கதைதான். செவ்வாய்க்கிழமைக்கு ஹேர்கட் ஸ்லாட் காட்டி மெயில் போனப்போ யாரும் எடுக்கல. அப்புறம் செவ்வாய்க்கு ஃபேஷியல், ஹேர் ஸ்பா, புதன் வியாழனுக்கு கட்டிங், கலர், பெடிக்யூர்னு பிரிச்சோம், அமாவாசை எந்தக் கிழமைன்னு காலண்டர் பார்த்து ஒதுக்கினோம். எந்த மார்க்கெட்டிங் பாடத்துலயும் இது இருக்காது, ஆனா நம்ம ஊர்ல சேர் நிரம்பறதும் காலியா இருக்கறதும் இதுலதான் இருக்கு.

கல்யாணப் பொண்ணுங்களுக்கான வரிசை

ப்ரைடல் அட்வான்ஸ் குடுத்த நாள்ல இருந்து கல்யாணம் வரைக்கும் பொண்ணோட அம்மா, அக்கா, பொண்ணுன்னு ஆளுக்கு ஒரு தடவை போன் பண்ணி ஒரே கேள்வியைக் கேப்பாங்க. அதை வாட்ஸ்அப்ல அனுப்பினா குடும்ப க்ரூப் மெசேஜுக்கு அடியில புதைஞ்சு போயிடும். 2024 ஆவணி முகூர்த்தங்களுக்கு வைகாசியிலயே ஆரம்பிச்சு ஒரு மெயில் வரிசை எழுதினோம், எழுதினதுல முக்கால்வாசி சீனியர் பியூட்டிஷியன் வாயால சொன்னதுதான்.

மூணு மாசம் முன்னாடி போற மெயில்ல, ஃபேஷியல் ஆரம்பிக்கறதா இருந்தா இப்போ ஆரம்பிங்க, புதுசா எந்த க்ரீமும் கடைசி மாசத்துல முகத்துல போட்டுப் பாக்காதீங்க. ஒரு மாசம் முன்னாடி ட்ரையல் மேக்கப், ப்ளவுஸ் தைச்சு வந்திருந்தா அந்தக் கலர் துணியோட வாங்க. ஹேர் கலர் வேணும்னா 48 மணி நேரம் முன்னாடி பேட்ச் டெஸ்ட் (தோல்ல கொஞ்சமா தடவிப் பாக்கறது) கட்டாயம், டையில இருக்கற பிபிடிங்கற ரசாயனம் சில பேருக்கு அலர்ஜி ஆகி முகமே வீங்கிடும், கல்யாண வாரத்துல அது வேண்டவே வேண்டாம். தோலோட மேல் அடுக்கை உரிக்கற பீல் மாதிரி கடுமையான ட்ரீட்மென்ட் எல்லாம் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே முடிச்சிருங்க. கடைசி வாரத்து மெயில்ல, ஐப்ரோவும் வேக்ஸிங்கும் ரெண்டு மூணு நாள் முன்னாடி, அப்போதான் சிவப்பு அடங்கும். மெஹந்தி ரெண்டு நாள் முன்னாடி போட்டா கலர் நல்லா ஏறி நிக்கும். முகூர்த்தப் பட்டுப் புடவையை ப்ரீ-ப்ளீட்டிங்குக்கு, அதாவது மடிப்பு எடுத்து வைக்கறதுக்கு, முன்கூட்டியே குடுத்து விடுங்க, ஜடைப் பூ யார் ஆர்டர் பண்றாங்கன்னு இப்பவே முடிவு பண்ணுங்க, விடிகாலை நாலரை ஆறு முகூர்த்தம்னா மேக்கப் ராத்திரி ரெண்டு மணிக்கே ஆரம்பிக்கணும். அப்புறம் ஒரு வரி, அன்னைக்கு எங்க போனை எடுக்கப் போறது யாரு, கல்யாணப் பொண்ணு நம்பர் வேணாம், சித்தியோ கசினோ ஒருத்தர் நம்பர் குடுங்க. அந்த ஒரு வரியால எத்தனை மண்டப வாசல் டென்ஷன் குறைஞ்சுதுன்னு மேக்கப் டீம்ல இருக்கறவங்களைக் கேட்டாத்தான் தெரியும்.

இந்த மெயிலைத்தான் மத்தவங்களுக்கு ஃபார்வர்டு பண்ணினாங்க. நாங்க கேக்கவே இல்ல, பொண்ணோட ஃப்ரெண்ட்ஸ் அதை வச்சுக்கிட்டு அவங்க கல்யாணத்துக்கு வந்து விசாரிச்சாங்க.

ரெண்டு சம்பவம்

முதல் சம்பவம் 2024 நடுவுல. ஒரு கஸ்டமர் கார்டுல ஆஃபீஸ் ஐடி குடுத்திருந்தாங்க. அவங்களுக்குப் போன மெயிலோட சப்ஜெக்ட்ல அப்பர் லிப், ஃபுல் ஆர்ம்ஸ் வேக்ஸிங்னு சர்வீஸ் பேரே இருந்துச்சு. அவங்க மீட்டிங்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ணிட்டு இருந்தப்போ அந்த நோட்டிஃபிகேஷன் மூலையில எட்டிப் பார்த்திருக்கு, டீம் மொத்தமும் பார்த்திருக்காங்க. போன்ல அழாத குறையா சொன்னாங்க. அக்கா உடனே நேர்ல கூப்பிட்டு மன்னிப்பு கேட்டாங்க. அன்னைக்கே சப்ஜெக்ட்ல கடை பேர், "உங்க அடுத்த அப்பாயின்ட்மென்ட்" இது ரெண்டைத் தவிர எதுவும் வரக் கூடாதுன்னு மாத்தினோம், சர்வீஸ் பேர் உள்ளே ரெண்டாவது பத்தியிலதான், ஏன்னா முதல் வரியும் நோட்டிஃபிகேஷன்ல தெரியும். ஆஃபீஸ் ஐடி வாங்கறதையும் நிறுத்திட்டோம்.

ரெண்டாவது 2025 தை மாசம், இதை எழுதறப்போ இப்பவும் மனசு கஷ்டப்படுது. ஒரு கல்யாணம் நின்னுபோச்சு. குடும்பத்துல இருந்து கடைக்கு யாரும் சொல்லல, அந்த நேரத்துல யாருக்கு அது தோணும். மெயில் வரிசை தானா ஓடற மாதிரி செட் பண்ணியிருந்ததால "இன்னும் மூணு நாள்தான், இதெல்லாம் ரெடியா"ன்னு அந்தப் பொண்ணுக்கு மெயில் போயிருச்சு. அவங்க அம்மா போன் பண்ணினாங்க, திட்டக்கூட இல்ல, "இனிமே எதுவும் அனுப்பாதீங்கம்மா"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.

அக்கா அன்னைக்கு முழுக்க யார்கிட்டயும் பேசல. மறுநாள் அட்வான்ஸ் தொகையை, ரீஃபண்ட் கிடையாதுன்னு பில்லுல போட்டிருந்தும், முழுசா திருப்பி அனுப்பினாங்க. அதுக்கப்புறம் ப்ரைடல் வரிசையில தானா போறது எதுவுமே கிடையாது. ஒவ்வொரு மெயிலுக்கும் முன்னாடி ரிசெப்ஷன்ல இருந்து யாராவது வீட்டுக்கு ஒரு போன் பண்ணி, "வேலையெல்லாம் எப்படிப் போகுதும்மா"ன்னு பேசிட்டு, அப்புறம்தான் அனுப்பற பட்டனை அமுக்கணும். நேரம் பிடிக்கற வேலைதான், ஆனா இந்தத் தொழில்ல இது தானியங்கியா விடற விஷயமே இல்லங்கறது என்னோட உறுதியான கருத்து.

ஜிஎஸ்டி குறைஞ்சப்போ

2025 செப்டம்பர் 22ல இருந்து பார்லர் சர்வீஸுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்துல இருந்து 5 ஆச்சு. 1000 ரூபா வேலைக்கு 1180 வாங்கினது 1050 ஆகும்னுதான் கஸ்டமர் கணக்கு போடுவாங்க. ஆனா அந்த 5 சதவீதம் இன்புட் க்ரெடிட் இல்லாம, அதாவது வாடகைக்கும் ப்ராடக்ட்டுக்கும் கடை கட்டற ஜிஎஸ்டியைக் கழிச்சுக்க முடியாது. த்ரெட்டிங், வேக்ஸிங்ல அக்கா பழைய அடிப்படை விலையை அப்படியே விட்டாங்க, ப்ராடக்ட் நிறைய செலவாகற கலர், கெரட்டின்ல மட்டும் கொஞ்சம் ஏத்த வேண்டி வந்துச்சு. இதை ஒளிக்காம, எது குறையுது, எது ஏறுது, ஏன்னு லிஸ்ட்ல இருந்த எல்லாருக்கும் ஒரே மெயில்ல எழுதினோம். புக்கிங்குக்காக எழுதாத மெயில் அது, ஆனா நாங்க அனுப்பினதுலயே அதிகமா பதில் வந்தது அதுக்குத்தான். தீபாவளி அக்டோபர் 20, அந்த அவசரத்துல கவுண்டர்ல விலைச் சண்டை ஒண்ணுகூட வரல.

என்ன நடந்தது

2025 முடியறப்போ லிஸ்ட்ல 600 பேருக்குக் கொஞ்சம் மேல, பழைய ரெண்டாயிரத்துல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. ஆனா புதன், வியாழன் மத்தியானம் சேர் காலியா இருக்கறது அரிதாயிருச்சு, நோட்டுல அந்த ரெண்டு நாள் புக்கிங்ல பாதியாவது மெயில் டிக்கோட இருக்கு. ஹேர் கலருக்கு ஒரு தடவை வந்துட்டுக் காணாமப் போறவங்க நல்லாவே குறைஞ்சாங்க. சனிக்கிழமைக்குன்னே வர்றவங்கள்ல சிலர் தானா புதனுக்கு மாறினதால சனிக்கிழமை புக் பண்ணாம வாக்-இன் வர்றவங்களைத் திருப்பி அனுப்பறதும் குறைஞ்சுது. அக்கா இன்னொரு பியூட்டிஷியனை வேலைக்கு எடுத்தாங்க.

இது அத்தனையும் மெயிலாலதான்னு சொன்னா பொய்யாயிரும். அதே காலத்துல பக்கத்துல புது அப்பார்ட்மென்ட்ல குடி வந்தாங்க, பல கம்பெனியில ஆஃபீஸ் வர்ற நாள் கூடுச்சு. மெயில்ல இருந்து வந்ததுன்னு டிக் விழுந்ததை மட்டும்தான் உறுதியா சொல்ல முடியும்.

பலிக்காததும் உண்டு. மாசா மாசம் ஸ்கின் கேர் டிப்ஸ்னு ஒரு மெயில் கொஞ்ச நாள் அனுப்பினோம், மெனக்கெட்டு எழுதினது, யாரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, லிஸ்ட்ட விட்டுப் போனவங்கள்ல அதிகம் பேர் அந்த மெயிலுக்கு அப்புறம்தான் போனாங்க, நிறுத்திட்டோம். த்ரெட்டிங்குக்கு மட்டும் அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போறவங்க கார்டே வாங்க மாட்டாங்க, அவங்களுக்கு இமெயில் வழியா எதுவும் பண்ண முடியல. ஆடி மாசம் ரெண்டு வருஷமும் மந்தமாத்தான் போச்சு.

திரும்ப ஆரம்பிச்சா

கடை திறக்கற முதல் நாள்லயே கேட்டு வாங்கற கார்டு இருக்கணும், பில்லிங் சாஃப்ட்வேர்ல ஐடி இருக்குங்கறதுக்காக அது அனுப்பறதுக்கான அனுமதின்னு எடுத்துக்கவே கூடாது. சப்ஜெக்ட் விஷயத்தை ஒரு புகார் வர்ற வரைக்கும் விட்டிருக்கக் கூடாது, பார்லர்ல நடக்கற வேலை ஒருத்தரோட உடம்பு சம்பந்தப்பட்டது, டாக்டர்கிட்ட இருக்கற அதே கவனம் இங்கயும் வேணும்.

லிஸ்ட் ஒரே ஆள் கையில இருக்கறதும் ஆபத்துன்னு நடுவுல புரிஞ்சுது. ரிசெப்ஷன் பொண்ணு கல்யாணமாகி ஊருக்குப் போனப்போ, யாருக்கு போன் பண்ணிட்டு அனுப்பணும், யாருக்கு எந்த மொழின்னு பாதி விவரம் அவங்க தலையிலதான் இருந்துச்சு. இப்போ எல்லாம் ஒரு ஷீட்ல, அக்காவோட அக்கவுன்ட்ல இருக்கு, யார் சொந்தப் போன்லயும் லிஸ்ட் கிடையாது.

இன்னும் முடியாத வேலை ஒண்ணு இருக்கு. அம்மாவோட வர்ற ஸ்கூல் பொண்ணுங்க தங்களோட ஐடியை கார்டுல எழுதிக் குடுத்திருக்காங்க. புது சட்டப்படி 18 வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க சம்மதத்தை சரிபாத்துத்தான் வாங்கணும். அந்த ஐடிங்களை எடுத்துட்டு அம்மா ஐடியை மட்டும் கேட்டு வாங்கற வேலை இப்போ கவுண்டர்ல நடந்துட்டு இருக்கு, இந்த சித்திரைக்குள்ள முடிக்கணும்னு அக்கா சொல்லியிருக்காங்க.